எடை மேடை அறையில் லினக்ஸ்: நிரலைவிட வயர்தான் படுத்தும்

தை பிறந்து சம்பா அறுப்பு சூடுபிடித்தால் மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர்ப் பக்கத்து எடை மேடை அறைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. லாரி ஏறும், எடை நிற்கும், சீட்டு அச்சாகும், அடுத்த லாரி வரும். அந்த அறை மூலையில் உமித்தூசி படிந்து கிடக்கும் கணினி பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8-ம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. கணினியோ இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுவிட்டு, பழைய எடை நிரலை அதன்மேல் ஓட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் நிரல் ஓடுமா என்பது பாதிக் கேள்விதான். அது எந்த வயரை, எந்தப் பிரிண்டரை, எந்த எழுத்துருவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மீதிப் பாதி. நேரத்தைத் தின்பதும் அந்த மீதிதான். அதனால் பென் டிரைவைச் செருகும் முன் கணினிக்குப் பின்பக்கம் குனிந்து பாருங்கள். எத்தனை வயர், எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கான கருவி வைன். 1993-ல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு வெளிவரவே 2008 ஜூன் ஆகிவிட்டது. 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். அதாவது கணினிக்குள் போலியாக இன்னொரு கணினியை அது உருவாக்குவதில்லை. நிரல் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு 'கோப்பைத் திற', 'சாளரத்தை வரை' என்று கேட்கும். அந்தக் கேள்வியை வைன் வாங்கி லினக்ஸ் பாஷையில் கேட்டுப் பதிலைத் திருப்பித் தரும். செயலி நேரடியாகவே வேலை செய்வதால் வேகம் பெரிதாகக் குறையாது. 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கும் இது தாங்கும். ராஸ்பெர்ரி பை மாதிரி ஏஆர்எம் பலகையில் மட்டும் வைன் தனியாக உதவாது. அங்கே செயலியின் பாஷையையும் மாற்ற வேண்டியிருப்பதால் பாக்ஸ்64 போன்ற இன்னொரு அடுக்கு வேண்டும்.

கீழே கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் தட்டும்போது பொதுவாக ஆங்கிலச் சின்ன எழுத்து; வைன்ப்ரிஃபிக்ஸ், வைன்ஆர்ச், எல்சி_ஆல் மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்து. டிடிஒய்யூஎஸ்பி0-ல் யூஎஸ்பி என்ற பகுதியும், மோடம்மேனேஜரில் இரண்டு எம்-மும் பெரிய எழுத்து.

டெபியன், உபுண்டு, மின்ட் என்று எந்த லினக்ஸ் வகையானாலும் முதலில் 32 பிட் ஆதரவைச் சேர்க்க வேண்டும். டிபிகேஜி கட்டளையில் ஆட்-ஆர்க்கிடெக்சர் என்று ஐ386-ஐச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, அதன்பின் வைனையும் வைன்32-ஐயும், வைனுக்குள் கூடுதல் நூலகங்களைப் போட உதவும் வைன்ட்ரிக்ஸையும் நிறுவுங்கள். இந்தப் பகுதியில் ஓடும் எடை நிரல், ஆலைக் கணக்கு, ரசீது நிரல்கள் பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியில் எழுதி ஆக்சஸ் தரவுக் கோப்பில் சேமிப்பவை. அத்தனையும் 32 பிட். இந்தப் படியைத் தவறவிட்டால் நிறுவும்போதே முட்டி நிற்கும்.

வைன் தனக்கென ஒரு அடைவை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு ப்ரிஃபிக்ஸ் என்று பெயர். நான் பெட்டி என்கிறேன். உள்ளே டிரைவ்_சி என்ற பெயரில் ஒரு முழு சி டிரைவும், ரெஜிஸ்ட்ரிக் கோப்புகளும் இருக்கும். எல்லா நிரலையும் ஒரே பெட்டியில் திணிக்காதீர்கள். ஒன்றுக்காகப் போட்ட நூலகம் இன்னொன்றைக் கெடுக்கும். எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எடை நிரலுக்குத் தனிப் பெட்டி. வைன்ப்ரிஃபிக்ஸ் மாறியில் அடைவின் பாதையையும், வைன்ஆர்ச் மாறியில் வின்32 என்றும் கொடுத்து வைன்சிஎஃப்ஜி-யை ஓட்டினால் 32 பிட் பெட்டி தயார். 'வைன்ஆர்ச் வின்32 என்று இருக்கிறது, வாவ்64 முறையில் இதற்கு ஆதரவில்லை' என்கிற பொருளில் பிழை வந்தால், உங்களிடம் இருப்பது புதிய முறையில் 64 பிட்டாக மட்டும் கட்டிய வைன். அங்கே 32 பிட் நிரல் ஓடும், 32 பிட் பெட்டிதான் கிடைக்காது. ஆக்சஸ் கோப்பை நம்பியிருக்கும் நிரலுக்கு அந்தப் பெட்டி தேவை என்பதால், அப்போது பழைய முறையில் கட்டிய வைன் உள்ள பதிப்பைத் தேடிப் போட வேண்டியதுதான்.

பெட்டி தயாரானதும் வைன்ட்ரிக்ஸில் விபி6ரன், எம்டாக்28, ஜெட்40 மூன்றையும் இதே வரிசையில் போடுங்கள். முதலாவது விஷுவல் பேசிக் நூலகம், மற்ற இரண்டும் ஆக்சஸ் கோப்பைத் திறக்க. எம்டாக்28-ம் ஜெட்40-ம் 32 பிட் பெட்டியில் மட்டுமே ஏறும். பிறகு நிரலின் செட்டப் கோப்பை வைன் மூலம் ஓட்டுங்கள். செட்டப் தொலைந்துபோய், பழைய கணினியில் நிரலின் அடைவு மட்டும் இருக்கிறதா? அடைவை அப்படியே டிரைவ்_சி-க்குள் நகலெடுத்து, அதிலுள்ள ஓசிஎக்ஸ் என்று முடியும் நூலகக் கோப்புகளை ரெக்எஸ்விஆர்32 கொண்டு ஒவ்வொன்றாகப் பதிவு செய்தாலும் ஓடும். எடை நிரல் என்றால் எம்எஸ்காம்32 என்ற ஓசிஎக்ஸ் பெரும்பாலும் இருக்கும். சீரியல் போர்ட்டைப் படிப்பது அதுதான்.

நிரலைத் திறக்கும்போது டெர்மினலில் வரி வரியாக ஏதோ கொட்டும். 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை வைன் எழுதுபவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட குறிப்புகள். 'எர்' என்று தொடங்கி 'இம்போர்ட்_டிஎல்எல்' என்று வரும் வரிதான் நமக்கு வேண்டியது. எந்த டிஎல்எல் கிடைக்கவில்லை என்று அதில் பெயரோடு இருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் அதைத் தரும் வைன்ட்ரிக்ஸ் பொதி எது என்று பார்த்துவிடலாம்.

இனி வயர். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்களின் வயர், எடையை எண்ணாகக் காட்டும் இன்டிகேட்டருக்கு வரும். இன்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்232 என்ற சீரியல் வயர் கணினிக்கு வரும். இப்போதைய கணினிகளில் ஒன்பது பின் போர்ட் இல்லாததால் நடுவில் யூஎஸ்பி மாற்றி ஒன்று இருக்கும். அதனுள் இருப்பது பிஎல்2303, சிஎச்340, எஃப்டிடிஐ மூன்றில் ஒரு சிப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றுக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உண்டு, தனியாக எதுவும் போட வேண்டாம். விண்டோஸின் புது டிரைவர் ஏற்க மறுத்த போலி பிஎல்2303 மாற்றிகள்கூட லினக்ஸில் சத்தமில்லாமல் ஓடும்.

முதலில் வைனை மறந்துவிடுங்கள். மாற்றியைச் செருகி, டெவ் அடைவில் டிடிஒய்யூஎஸ்பி0 என்று கோப்பு தோன்றுகிறதா என்று பாருங்கள். உபுண்டு 22.04-ல் சிஎச்340 மாற்றி ஒரு நொடி தோன்றி மறைந்தால் குற்றவாளி பிஆர்எல்டிடிஒய். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் நிரல் அது. அதே அடையாள எண்ணைப் பார்த்துவிட்டு மாற்றியை பிரெய்ல் கருவி என்று பிடித்துக்கொள்கிறது. அந்த அறையில் பிரெய்ல் திரை இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம். மோடம்மேனேஜர் என்ற சேவையும் புதிதாக வரும் போர்ட்டை மோடமா என்று தட்டிப் பார்க்கும். அதையும் நிறுத்திவையுங்கள். பிறகு பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் 'சேர்த்தேனே, அப்பவும் பர்மிஷன் டினைட் வருதே' என்று கேட்பவர்கள் ஏராளம்.

இப்போது சீரியல் போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் மினிகாமைத் திறந்து போர்ட்டையும் வேகத்தையும் கொடுங்கள். இன்டிகேட்டரின் வேகம் பொதுவாக 2400 அல்லது 9600. 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மினிகாமில் வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோலை 'நோ' ஆக்குங்கள், மூன்று வயர் இணைப்பில் அது ஒன்றுக்கும் உதவாது. மேடையில் லாரி நின்றால் 015460, 015460, 015460 என்று ஒரே எண் அருவி மாதிரி இறங்க வேண்டும். எண்ணுக்குப் பதில் கட்டமும் கோடுமாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. எண் நடுநடுவே மட்டும் சிதைந்தால் 7 பிட், ஈவன் பாரிட்டி போட்டுப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா? வயரைப் பாருங்கள். கணினிப் பக்கம் 2-ம் பின் வாங்குவது, 3-ம் பின் அனுப்புவது, 5-ம் பின் கிரவுண்ட். 2-ம் 3-ம் இடம் மாறியிருப்பதுதான் பாதி வழக்கு. இங்கே எண் வராதவரை வைனில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் வராது. எண் தெரிந்ததும் மினிகாமை மூட மறக்காதீர்கள், திறந்திருந்தால் அது நிரலுக்குப் போக வேண்டிய எண்களைத் தின்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிக்கும் இடம். பெட்டிக்குள் டாஸ்டிவைசஸ் என்ற அடைவு இருக்கிறது. வைன் எழும்போதே லினக்ஸ் போர்ட்டுகளைப் பார்த்து அங்கே காம்1, காம்2 என்று இணைப்புகளைப் போட்டுவிடும். ஆனால் உபுண்டு, மின்டில் பெரும்பாலும் முதல் 32 எண்களை மதர்போர்டின் சொந்த போர்ட்டுகளுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, யூஎஸ்பி மாற்றிக்கு காம்33 என்று கொடுக்கும். எம்எஸ்காம்32-க்கோ காம்16-க்கு மேல் எண்ணத் தெரியாது. நிரலின் செட்டிங்கில் காம்33 என்று தேர்ந்தெடுக்கவும் இடமிருக்காது. காம்1 என்று விட்டால், மேடையில் லாரி நின்றாலும் திரையில் பூஜ்யம்தான் நிற்கும். டாஸ்டிவைசஸில் கையால் காம்1 இணைப்பை மாற்றினால் அடுத்த முறை வைன் எழும்போது பழையபடி ஆகிவிடும். நிரந்தர வழி ரெஜிஸ்ட்ரி. வைன் மூலம் ரெக்எடிட் திறந்து, எச்கீ_லோக்கல்_மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்று உள்ளே போங்கள். போர்ட்ஸ் இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் காம்1 என்ற பெயரில் ஸ்ட்ரிங் மதிப்பு ஒன்று போட்டு, மாற்றியின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஓடும் எல்லாவற்றையும் மூடி, வைன்சர்வர் கட்டளையை மைனஸ் கே-யோடு ஒருமுறை ஓட்டிவிட்டு நிரலைத் திறந்தால் எடை வரும்.

பாதையாக டிடிஒய்யூஎஸ்பி0 என்று கொடுப்பதும் அவ்வளவு நல்லதல்ல. கரண்ட் போய் வரும்போது, அல்லது இன்னொரு மாற்றியைச் செருகியபோது, 0 என்பது 1 ஆகிவிடும். டெவ் அடைவுக்குள் சீரியல் என்ற அடைவில் பை-ஐடி, பை-பாத் என இரண்டு உள்ளடைவுகள் இருக்கும். சிஎச்340-க்குத் தனி வரிசை எண் இல்லாததால் அதற்கு பை-பாத் பாதையைக் கொடுங்கள். செருகிய துளையை மாற்றாதவரை அந்தப் பெயர் மாறாது. துளைக்குப் பக்கத்தில் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் கூட்டிப் பெருக்க வருபவர் பிடுங்கினாலும் திரும்ப அதே இடத்தில் செருகுவார்.

எடை வந்துவிட்டது, சீட்டு வர வேண்டும். மொத்தம் 15,460, காலி வண்டி 5,820, நிகரம் 9,640 கிலோ என்று தொடர்தாளில் டாட் மேட்ரிக்ஸ் தட்டும் அந்தச் சீட்டு. நிரல் இரண்டு விதமாக அச்சிடலாம். விண்டோஸ் பிரிண்டர் பட்டியலில் தேர்வு செய்து அச்சிடும் நிரல் என்றால், லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் பிரிண்டரை அமைத்தாலே போதும், வைனுக்குத் தானாகத் தெரியும். ஆனால் எழுத்துகள் படமாக மாறிப் போவதால் பிரிண்டர் மெல்ல நகரும், ரிப்பன் பழசானால் மங்கும். பழைய நிரல்கள் நேராக எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டைத் திறந்து வெறும் எழுத்துகளைக் கொட்டும். இதற்கும் போர்ட்ஸ் ரெஜிஸ்ட்ரியில் எல்பிடி1 என்று சேர்த்து, யூஎஸ்பி பிரிண்டர் என்றால் டெவ் அடைவின் யூஎஸ்பி உள்ளடைவில் இருக்கும் எல்பி0-வைக் காட்டுங்கள். பயனர் எல்பி குழுவில் இருக்க வேண்டும். அதே பிரிண்டரைக் கப்ஸிலும் போட்டுவைக்காதீர்கள்; கப்ஸ் அதை எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எல்பி0 காணாமல் போகும். அச்சு ஒருமுறை வருகிறது ஒருமுறை வரவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேதி விஷயம் ஒன்று உண்டு, இதைக் கவனிக்காமல் விட்டால் சீசன் முடிந்த பிறகு கணக்கு உதைக்கும். வைன் தேதி அமைப்பை லினக்ஸின் லொகேலிலிருந்து, அதாவது மொழி, நாட்டு அமைப்பிலிருந்து எடுக்கும். அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் 03/02/2026 என்பது மார்ச் 2 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகளை விஷுவல் பேசிக் தானாகவே சரியாக ஊகித்துக்கொள்வதால், மாதத்தில் முதல் 12 நாள் மட்டும் தப்பாகப் பதிவாகி மீதி சரியாக இருக்கும். பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். நிரலைத் திறக்கும் குறுக்குவழியில் எல்சி_ஆல் மாறிக்கு இந்திய ஆங்கில லொகேலைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாறி தமிழுக்கும் வேலைக்கு ஆகும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு, யூனிகோடு தெரியாது. அங்கே ஓடுவது 8 பிட் எழுத்துருக்கள். சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளும் அவ்வகையே. இவற்றில் தமிழ் எழுத்து என்று கணினிக்கு எதுவும் தெரியாது. 0-விலிருந்து 255 வரையுள்ள இடங்களில் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் நம் எழுத்தின் படத்தை வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆசையாக லினக்ஸைத் தமிழ் இடைமுகத்தோடு நிறுவினால் சிக்கல் இங்கேதான் வரும். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய கோட்பேஜ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற 8 பிட் அட்டவணை, கிடையாது, யூனிகோடு மட்டும்தான். தமிழ் லொகேலில் எழும் வைனுக்கு 128-க்கு மேலுள்ள இடங்களை என்ன செய்வதென்று தெரியாமல், அந்த எழுத்துகள் கேள்விக்குறியாகவோ வெற்றாகவோ போகும். இந்திய ஆங்கிலம் கொடுத்தால் கோட்பேஜ் 1252 கிடைக்கும், மேல் பாதி திரும்ப வந்துவிடும். தமிழ் அச்சுக்குத் தமிழ் லொகேல் ஆகாது என்பது கொஞ்சம் சங்கடமான நகைச்சுவைதான். எழுத்துருக் கோப்புகளைப் பெட்டியின் விண்டோஸ் அடைவில் ஃபான்ட்ஸுக்குள் போட்டால் போதும்.

தட்டச்சுக்கு வருவோம். பாமினி மாதிரி எழுத்துரு என்றால் ஆங்கில எம் விசையில் அ, கே விசையில் ம என்று விசையிலேயே எழுத்து உட்கார்ந்திருக்கும். கீபோர்டு நிரல் எதுவும் வேண்டாம். டாம், டாப் எழுத்துருவுக்குக் கீபோர்டு நிரல் தேவை. அந்த விண்டோஸ் நிரலை அதே பெட்டிக்குள் ஓட்டினால் வைன் சாளரங்களுக்குள் மட்டும் சில நேரம் பிடிக்கும், வெளியே லிப்ரே ஆஃபிஸில் பிடிக்காது. லினக்ஸுக்கு ஐபஸ் எம்17என் பொதியில் தமிழ் 99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் உண்டு. ஆனால் அவை தருவது யூனிகோடு, பேஜ்மேக்கருக்கு உதவாது. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் வைன்கூட வேண்டாம். லிப்ரே ஆஃபிஸ் டிரா 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், பழைய எழுத்துரு நிறுவியிருந்தால் எழுத்தும் தெரியும். புது வேலையை லினக்ஸின் பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸ் 1.6-ல் யூனிகோடில் தொடங்குவது என் கட்சி. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அதில் சரியாக உட்காருகின்றன.

வைனுக்கு எட்டாதவற்றில் நேரம் வீணடிக்க வேண்டாம். விண்டோஸ் கெர்னல் டிரைவர் கேட்கும் எதுவும் பொதுவாக ஆகாது. கைரேகைக் கருவி, பூட்டு டாங்கிள் செருகினால்தான் திறக்கும் நிரல் எல்லாம் இந்தக் கணக்கு. டெண்டர் போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவரே வருகிறதா என்று முதலில் பாருங்கள், பல டோக்கன்களுக்கு உண்டு. மற்றதற்கு, லினக்ஸுக்குள் முழு விண்டோஸையே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ். பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, யூஎஸ்பி ஃபில்டரில் டாங்கிளைச் சேர்த்தால் உள்ளிருக்கும் விண்டோஸுக்கு அது தெரியும். உள்ளே ஓடும் விண்டோஸுக்கு 2 ஜிபி-யாவது கொடுக்க வேண்டும், எனவே கணினியில் 8 ஜிபி இருந்தால் நல்லது. அந்த விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே ஓடுவது பழைய விண்டோஸ் என்றால் அதற்கு இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள்.

நகைக்கடை, சீட்டுக் கணக்கு என்று டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் நிரல்கள் ஓடும் இடங்களும் இருக்கின்றன. சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்காகச் செய்தது, அதில் பிரிண்டர் போர்ட் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது டாஸ்எமு2 எடுங்கள். 64 பிட் விண்டோஸே கைகழுவிவிட்ட 16 பிட் விண்டோஸ் 3.1 நிரல்கள், 64 பிட் லினக்ஸில் வழக்கமான வைனில் ஓடுகின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை.

எல்லாம் ஓடியதும் அந்தப் பெட்டி அடைவை முழுதாக டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டிப் பென் டிரைவில் வையுங்கள். நிரல், ரெஜிஸ்ட்ரி, போர்ட் அமைப்பு, ஆக்சஸ் கோப்பு நான்கும் அதற்குள் அடக்கம். வைன் நிறுவிய வேறு கணினியில் அவிழ்த்து, போர்ட்டின் பாதையை மட்டும் சரிபார்த்துவிட்டால் எடை போடலாம். தினக் கணக்குக்கு எம்டிபி டூல்ஸ் போதும், எம்டிபி-எக்ஸ்போர்ட் கட்டளை ஆக்சஸ் அட்டவணையை நிரலைத் திறக்காமலே சிஎஸ்வி கோப்பாக எடுத்துத் தரும். அதை இரவு எட்டு மணிக்குத் தானாக ஓடவைக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி. புதுக் கணினியிலும் பயனர் பெயரைப் பழையதாகவே வையுங்கள். மாறினால், டிரைவ்_சி-யின் யூசர்ஸ் அடைவில் வைன் புதுப் பெயரில் வேறொரு வெற்று அடைவைத் திறந்துகொள்ளும், நிரல் தன் செட்டிங்கை அங்கே தேடிவிட்டுக் கம்பெனி பெயரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும்.